புது ஹைஸ்கூல் வருகிறது என்கிறார்கள்: டல்லாஸ் வடக்கில் வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், செலினா, மெக்கின்னி என்று வீடு தேட ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் பேச்சு ஒன்று உண்டு: "இங்கே புதுசா ஹைஸ்கூல் வருது." பில்டரின் விற்பனை அலுவலகத்தில் சொல்வார்கள், ரியல்டர் சொல்வார், வாட்ஸப் குழுவில் யாராவது வரைபடத்தோடு அனுப்புவார்கள். அதை நம்பி 5, 6 லட்சம் டாலருக்கு வீடு வாங்கலாமா, வாங்குவதென்றால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வீடு தேடியபோது எங்கள் பெண் ஆறாம் வகுப்பு. எந்தத் தாளை எங்கே கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்துதான் இவற்றைத் தெரிந்துகொண்டோம். வரி, ஒப்பந்தம் பற்றிச் சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு மட்டும் பொருந்தும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் 2, 3, 4-ஆம் படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எது என்று உறுதி செய்யுங்கள்

வீட்டு முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருந்தால் பிள்ளை ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. (ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) பள்ளிக்குத்தான் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் ஐ.எஸ்.டி.க்களின் பகுதிகள் இருக்கின்றன. அதேபோல் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யின் எல்லை பிளானோ, மெக்கின்னி நகரங்களுக்குள்ளும் நீளுகிறது. 2021-ல் திறந்த எமர்சன் ஹைஸ்கூல் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தது, கட்டடம் இருப்பதோ மெக்கின்னியில். தபால் முகவரியை நம்பவே முடியாது.

பார்க்க வேண்டிய இடம் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத் (சி.ஏ.டி.) தளம். காலின் கவுண்டி என்றால் காலின் சி.ஏ.டி., டென்டன் கவுண்டி என்றால் டென்டன் சி.ஏ.டி. முகவரியைப் போட்டால் அந்தச் சொத்துக்கு யார் யார் வரி வாங்குகிறார்கள் என்ற பட்டியல் வரும்: கவுண்டி, நகரம், கல்லூரி, ஐ.எஸ்.டி., சில இடங்களில் மட் (தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான தனி வரி அமைப்பு). அதில் எந்த ஐ.எஸ்.டி. பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிஸ்ட்ரிக்ட். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிட வேலை. அப்புறம் அந்த ஐ.எஸ்.டி.யின் சொந்தத் தளத்தில் முகவரியைப் போட்டு இன்றைய தேதிக்கு எந்த எலிமெண்டரி, மிடில், ஹைஸ்கூல் என்று பாருங்கள். வீடு தேடும் செயலிகள் காட்டும் பள்ளிப் பெயரும் மதிப்பெண்ணும் பழையதாக இருக்கலாம். எல்லை மாறியது அவற்றுக்கு உடனே தெரியாது.

இன்னொரு விஷயம். ரீஜோனிங், அதாவது பள்ளி எல்லைகளை மாற்றிப் போடும் தலைவலியே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அலன் ஐ.எஸ்.டி. இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் முழுவதற்கும் ஒரே ஹைஸ்கூல், ஐயாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். அவ்வளவு பெரிய பள்ளி உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. ஆனால் எந்தத் தெருவில் வாங்கினாலும் ஹைஸ்கூல் மாறாது.

2. "வரப்போகிறது" என்றால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதுப் பள்ளி என்று சொல்லப்படுவது நான்கு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

முதல் கட்டம், நிலம் மட்டும் இருப்பது. ஐ.எஸ்.டி. வருங்காலத்துக்கு என்று இடம் வாங்கிப் போட்டிருக்கும், அல்லது பெரிய குடியிருப்பைக் கட்டும் நிறுவனம் பள்ளிக்கென்று இடம் ஒதுக்கியிருக்கும். அந்த இடத்தில் "வருங்காலப் பள்ளி வளாகம்" என்று அறிவிப்புப் பலகைகூட இருக்கும். அந்தப் பலகைக்கு மதிப்பு எதுவும் இல்லை. பள்ளி பத்து வருடம் கழித்து வரலாம், வராமலே போகலாம், ஹைஸ்கூலுக்குப் பதில் எலிமெண்டரி வரலாம்.

இரண்டாம் கட்டம், பாண்ட், அதாவது கடன் பத்திரம். கட்டடத்துக்கான கடனை எடுக்க டெக்சஸில் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். தேர்தல் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை அல்லது நவம்பரில் நடக்கும். பாண்ட் அறிவித்துவிட்டார்கள் என்பதும் பாண்ட் ஜெயித்துவிட்டது என்பதும் வேறு வேறு. 2024 நவம்பரில் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. முன்வைத்த பாண்ட் தீர்மானங்கள் எல்லாவற்றையும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். வருடத்துக்கு ஒரு ஹைஸ்கூல் என்ற வேகத்தில் 2021-ல் எமர்சன், 2022-ல் பேந்தர் க்ரீக் என்று திறந்த டிஸ்ட்ரிக்ட் அது.

மூன்றாம் கட்டம், கட்டுமானம். ஒப்பந்தக்காரரை ஐ.எஸ்.டி.யின் நிர்வாகக் குழு (போர்டு) தேர்ந்தெடுத்து வேலை ஆரம்பித்துவிட்டால் ஓரளவு நம்பலாம். ஹைஸ்கூல் கட்ட பொதுவாக இரண்டிலிருந்து மூன்று வருடம் ஆகும்.

நான்காம் கட்டம், எல்லை. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று ஐ.எஸ்.டி. போர்டு வாக்கெடுத்து முடிவு செய்வது. பெரும்பாலும் பள்ளி திறப்பதற்கு முந்தைய கல்வியாண்டில்தான் இது நடக்கும். கட்டடம் உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும், எல்லைக்கோடு உங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்படியும் நடக்கும்.

எங்களிடம் ஒரு விற்பனை அலுவலகத்தில், "இந்த ஃபேஸ் முழுக்கப் புது ஹைஸ்கூலுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கு எல்லை வாக்கெடுப்பே நடந்திருக்கவில்லை. எழுத்தில் தாருங்கள் என்றதும் பேச்சு மாறியது.

எந்தக் கட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐ.எஸ்.டி. தளத்தில் போர்டு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் காணொளிகளும் கிடைக்கும். அதில் இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள். ஒன்று, பாண்ட் திட்டங்களின் நிலவர அறிக்கை. இன்னொன்று, மக்கள்தொகை ஆய்வாளர் போர்டுக்குக் கொடுக்கும் அறிக்கை. எந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு வரப்போகிறது, எந்தப் பள்ளி எந்த வருடம் நிரம்பும் என்றெல்லாம் இரண்டாவதில் இருக்கும். வீடு வாங்கும் குடும்பத்துக்கு அதைவிடப் பயனுள்ள தாள் கிடையாது. மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும் அதிலேயே பாருங்கள். அறுபத்தைந்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்த ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் எண்ணிக்கை குறையத் தொடங்கி, 2024-25 கல்வியாண்டோடு ஒரு மிடில் ஸ்கூலையே மூட வேண்டி வந்தது. பக்கத்து பிராஸ்பர் ஐ.எஸ்.டி.யில் கதை நேர்மாறு. 2019-ல் அங்கே ஒரே ஒரு ஹைஸ்கூல்தான் இருந்தது. 2020-ல் ராக் ஹில், 2023-ல் வால்நட் க்ரோவ், 2025-ல் ரிச்லாண்ட் என்று திறந்து நான்காகிவிட்டது. அடுத்தடுத்த ஊர்கள்தான், ஆனால் "புதுப் பள்ளி வரும்" என்ற சொல்லுக்கு இரண்டிலும் ஒரே எடை இல்லை.

3. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் பள்ளி திறக்கும் வருடத்தை எழுதுங்கள். பக்கத்தில் அந்த வருடம் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பில் இருக்கும் என்று எழுதுங்கள். திறப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் எந்த வகுப்பு என்பதையும் எழுதுங்கள்.

புது ஹைஸ்கூல் பெரும்பாலும் 12-ஆம் வகுப்பு இல்லாமல்தான் திறக்கும். 9, 10 மட்டும் இருக்கலாம், சில இடங்களில் 11-ம் சேரும். அதனால்:

திறக்கும் வருடம் பிள்ளை 9-ஆம் வகுப்பு என்றால் நல்ல பொருத்தம். எல்லோருமே புதியவர்கள்.

10-ஆம் வகுப்பு என்றால் யோசியுங்கள். ஒரு வருடம் பழைய பள்ளியில் படித்து, பேண்ட், ஆர்க்கெஸ்ட்ரா, டீம் என்று சேர்ந்து, நண்பர்களைப் பிடித்தபின் மாற வேண்டியிருக்கும். என் பார்வையில் நான்கு நிலைகளில் கடினமானது இதுதான்.

11 என்றால் அந்த டிஸ்ட்ரிக்டின் விதியைப் பொறுத்தது. 12 என்றால் பொதுவாகப் பழைய பள்ளியிலேயே முடிக்க விடுவார்கள். ஆனால் பஸ் கிடைக்காமல் போகலாம், நீங்களே கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். அண்ணன் பழைய பள்ளியில் தங்குகிறான் என்பதற்காகத் தம்பியையும் அங்கே சேர்ப்பார்கள் என்பதில்லை. இரண்டு பிள்ளைகள் இரண்டு ஹைஸ்கூலுக்குப் போவது பல வீடுகளில் நடக்கிறது. காலை ஏழரை மணிக்கு அதைச் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் பேசிவிடுங்கள்.

பிள்ளை இன்னும் எலிமெண்டரியில் என்றால், இன்று வரைபடத்தில் இருக்கும் ஹைஸ்கூலுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பிராஸ்பரில் 2019-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு வாங்கியவர்களின் கணக்கு, அந்தப் பிள்ளை 9-ஆம் வகுப்புக்கு வருவதற்குள் மூன்று பள்ளிகள் புதிதாகத் திறந்து மாறிவிட்டது.

4. ரீஜோனிங்கில் உங்கள் தெரு எந்தப் பக்கம் போகும்

உறுதியாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊகிக்க முடியும். போர்டுகள் பொதுவாகப் பார்ப்பது: பள்ளியின் கொள்ளளவு, தூரம், பெரிய சாலைகள், ஒரு குடியிருப்பைப் பிரிக்காமல் வைப்பது, ஒரு மிடில் ஸ்கூலின் பிள்ளைகள் ஒரே ஹைஸ்கூலுக்குப் போவது. டிஸ்ட்ரிக்டின் கடைசி இரண்டு ரீஜோனிங்குகளின் வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். எந்தச் சாலைகளைக் கோடாக வைத்தார்கள் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

சாலைக்கு இந்தப் பக்கம் பழைய பள்ளி, அந்தப் பக்கம் புதுப் பள்ளி என்ற மாதிரி எல்லையோரத்து வீடு என்றால் எனக்கு ஒரே ஒரு சோதனைதான். இரண்டு பள்ளிகளில் எது கிடைத்தாலும் இந்த வீட்டில் சந்தோஷமாக இருப்பீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள். ஒன்று கிடைத்தால்தான் என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நிரம்பிய பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் விதிப்படி எல்லைக்கு வெளியே வசிக்கும் மாணவர் முதல் ஒரு வருடம் வார்சிட்டியில் (பள்ளியின் முதன்மை அணியில்) விளையாட முடியாமல் போகலாம். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்க்கும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். சேர்க்கைப் படிவத்தில் பொய் முகவரி எழுதுவது இங்கே குற்றம். படித்த நாட்களுக்குக் கட்டணமும் கேட்பார்கள். விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வம்பு வேண்டவே வேண்டாம்.

5. புதுப் பள்ளி முதல் சில வருடம் எப்படி இருக்கும்

கட்டடம் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டம் பெற்று வெளியே போன வகுப்பு இல்லாததால், எத்தனை பேர் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள் என்ற விவரம் சில வருடங்களுக்கு இருக்காது. மதிப்பெண் போடும் தளங்களில் வெற்றிடம்தான். அதை வைத்துப் பள்ளி மோசம் என்று முடிவு செய்யாதீர்கள். அங்கே வரும் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளில் இருந்த அதே பிள்ளைகள்தான்.

மாணவர் குறைவு என்பதால் சில ஏ.பி. (கல்லூரித் தரத்து) பாடங்கள் முதல் வருடம் ஓடாமல் போகலாம். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் பட்டியலைக் கேளுங்கள். மறுபக்கம், ஆர்க்கெஸ்ட்ராவில் முன்வரிசை, கிளப்பில் தலைமைப் பொறுப்பு, டீமில் இடம் என்று பழைய பள்ளியில் வரிசையில் நிற்க வேண்டியவை இங்கே சீக்கிரம் கிடைக்கும். கர்நாடக வயலின் கற்று ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு இது உண்மையிலேயே உதவியிருக்கிறது.

ரேங்க் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் (யூ.டி.) தானாக இடம் கிடைக்க, 2026 இலையுதிர்ச் சேர்க்கையிலிருந்து வகுப்பில் முதல் 5 சதவீதத்தில் இருக்க வேண்டும். 500 பேர் வகுப்பில் அது 25 பேர், 250 பேர் வகுப்பில் 12 பேர். புதுப் பள்ளிக்குப் போனால் போட்டி குறையும் என்று ஒரு நண்பர் கேட்டார்: "அண்ணா, சின்ன கிளாஸ்தானே, ஈசியா வந்துடலாம்ல?" சதவீதம் அதேதான் தம்பி, உங்க குடியிருப்புல இருக்குற நல்லா படிக்கிற பசங்களும் கூடவே வராங்களே என்றேன். ரேங்க்குக்காக வீடு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

6. வரிக் கணக்கை நீங்களே போடுங்கள்

டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் சொத்து வரிதான் பெரிய செலவு. அதில் பெரும் பங்கு ஐ.எஸ்.டி.க்குப் போகிறது. ஐ.எஸ்.டி. வரியில் இரண்டு பாகம்: அன்றாடச் செலவுக்கு ஒன்று, பாண்ட் கடனை அடைக்க ஒன்று. 2019-ல் வந்த சட்டப்படி, பள்ளிப் பாண்ட் வாக்குச்சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் போட்டே ஆக வேண்டும். விகிதத்தை ஏற்றும் எண்ணம் டிஸ்ட்ரிக்டுக்கு இல்லாவிட்டாலும் அந்த வாசகம் இருக்கும். அதனால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கடன் பாகத்தின் விகிதம் எத்தனை சென்ட் ஏறும் என்று மட்டும் பாருங்கள்.

6 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹோம்ஸ்டெட் விலக்கு (நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை) இப்போது பள்ளி வரியில் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலர். மீதி 4 லட்சத்து 60 ஆயிரத்துக்குத்தான் பள்ளி வரி. விகிதம் நூறு டாலருக்கு ஒரு சென்ட் ஏறினால் உங்களுக்கு வருடம் 46 டாலர். ஐந்து சென்ட் என்றால் 230. பாண்டால் வரும் உயர்வு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

உண்மையில் இடிப்பது வேறு இரண்டு. ஒன்று, மட், பிட் (குடியிருப்பின் மேம்பாட்டுச் செலவுக்கான கட்டணம்) என்ற தனிச் சுமைகள். புதுக் குடியிருப்புகளில் சாலை, தண்ணீர், கழிவுநீர் போட்ட கடனை வீட்டுக்காரர்கள் அடைப்பது இப்படித்தான். மட் வரி நூறு டாலருக்கு ஒரு டாலரை நெருங்கும் இடங்களும் உண்டு. புதுப் பள்ளி வரும் இடங்கள் பெரும்பாலும் புதுக் குடியிருப்புகள் என்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்குமே ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புத் தரச் சட்டம் சொல்கிறது.

இரண்டாவது, புது வீட்டின் முதல் வருட வரி. ஜனவரி 1 அன்று சொத்து எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பு. அன்றைக்கு அது வெறும் மனையாக இருந்திருந்தால், 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வரி. மொத்த விகிதம் 2.2 சதவீதம் என்றால் 2,640 டாலர். எஸ்க்ரோவும் (வரிக்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம்) அதற்கேற்ப இருக்கும், தவணை இனிப்பாகத் தெரியும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வரும்போது, விலக்கு போகவும் 11,000 டாலருக்கு மேல். மாதத் தவணை எழுநூறு டாலருக்கு மேல் ஏறி, பற்றாக்குறையையும் சேர்த்துக் கேட்பார்கள். கடன் கொடுப்பவரிடம் முழு மதிப்புக்கு எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள், அல்லது வித்தியாசத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள்.

7. கையெழுத்துக்கு முன்

பழைய வீட்டுக்குப் பயன்படுத்தும் மாநில ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் உண்டு. சில நூறு டாலர் ஆப்ஷன் கட்டணம் கொடுத்தால், பேசிக்கொண்ட நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். எர்னஸ்ட் மணி (ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் முன்பணம்) திரும்பி வரும், ஆப்ஷன் கட்டணம் வராது. பேசிய கடைசி நாள் மாலை 5 மணியோடு அது முடிகிறது, நள்ளிரவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்ஷன் கட்டணமும் எர்னஸ்ட் மணியும் மூன்று நாளுக்குள் டைட்டில் கம்பெனிக்கு (வீட்டு உரிமையை மாற்றித் தரும் நிறுவனம்) போய்ச் சேர வேண்டும். வீட்டு ஆய்வோடு பள்ளி ஆய்வையும் இந்த நாட்களிலேயே முடியுங்கள்: ஐ.எஸ்.டி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி முகவரியின் இன்றைய பள்ளியை எழுத்தில் வாங்குங்கள்.

பில்டர் ஒப்பந்தம் வேறு. அவர்களே எழுதியது. பெரும்பாலும் ஆப்ஷன் பீரியட் இருக்காது, முன்பணம் அதிகம், பள்ளி எல்லைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற பத்தி நிச்சயம் இருக்கும். விற்பனை அலுவலகத்தில் வாயால் சொன்ன எதுவும் அந்தப் பத்தியின் முன் நிற்காது. சில நூறு டாலர் செலவானாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. டவுன் பேமென்ட் போக, க்ளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறும் கட்டம்) செலவுக்கு விலையில் 2 முதல் 3 சதவீதம் கையில் இருக்கட்டும்.

எல்லை வாக்கெடுப்பு ஆறேழு மாதத்தில் வரப்போகிறது என்றால் வாங்குவதைத் தள்ளிவைத்து அந்தப் பகுதியிலேயே வாடகைக்கு இருங்கள். லீஸ் ஜூன் மாதத்தில் முடியும்படி போட்டுக்கொள்ளுங்கள்.

8. சேர்க்கையும் ஹோம்ஸ்டெட்டும்

பள்ளி ஆகஸ்ட் முதல் பாதியில் திறக்கும். கடனோடு வாங்கும் வீட்டுக்கு க்ளோசிங் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நாள், ஆகவே ஜூன் நடுவுக்குள் ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும். 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஹைஸ்கூல் பாடங்களைக் குளிர்காலத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கோடையில் வருபவர்கள் கவுன்சிலரைத் தனியாகப் பார்த்து, மிடில் ஸ்கூலில் முடித்த அல்ஜீப்ரா போன்ற ஹைஸ்கூல் கிரெடிட்டுகள் ஏறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், தடுப்பூசிப் பதிவு, முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் அடையாள அட்டை, க்ளோசிங் தாள் அல்லது லீஸ், மின்சாரம் அல்லது தண்ணீர் பில். இந்தியாவிலிருந்து வருபவர்கள் மெனிங்கோகாக்கல், டிடாப் ஊசிகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், 7-ஆம் வகுப்பிலிருந்தே கேட்பார்கள். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையே என்று தயங்க வேண்டாம், மாநிலம் மாற்று எண் கொடுக்கும். வீடு இன்னும் கட்டி முடியவில்லை, பள்ளி திறந்துவிடும் என்றால், பில்டர் ஒப்பந்தத்தை வைத்துச் சேர்த்துக்கொள்வார்களா என்று டிஸ்ட்ரிக்டிடம் முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் விதி வேறு.

குடிபோனதும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றி, சி.ஏ.டி. தளத்தில் ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் போடுங்கள். குடியுரிமை தேவையில்லை, எச்-1பி-யில் இருப்பவர்களும் வாங்கலாம். 2022 முதல் வாங்கிய வருடத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. கட்டணம் கிடையாது. க்ளோசிங் முடிந்த சில வாரங்களில், பணம் அனுப்பினால் விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று அரசுக் கடிதம் போலவே தபால் வரும். அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.